படிவத்தில் ஏறாத வருமானம்

வங்கியில் இருந்தபோது பயிர்க்கடன் விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்துக்குப் போனேன். மார்கழிப் பனி. தை அறுவடை வரும்வரை யார் கையிலும் காசு புழங்காத காலம். ஒரு வீட்டு முற்றத்தில் பருத்திமாரைக் கொளுத்திப் பிள்ளைகள் குளிர்காய்ந்தார்கள். வீட்டுக்கார அம்மா சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பால் கொடுத்தார்.

"இந்த மாசங்களை எப்படிம்மா ஓட்டுறீங்க?" என்றேன்.

"பருத்திய வித்துக் கடன் கட்டியாச்சு சார். வீட்டுக்குன்னு நிறுத்துனதுல கொட்டை மாட்டுக்கும் எங்களுக்கும், பஞ்சு தலகாணிக்கு. மாரு அடுப்புக்கு. குலுக்கையில குதிரைவாலி கிடக்கு. பெறகென்ன?"

என் படிவத்தில் விற்கும் குவிண்டாலுக்குத்தான் கட்டம் இருந்தது. கொட்டைக்கும் மாருக்கும் இல்லை.

ஓய்வுபெற்று ராஜபாளையம் பக்கம் நானே நிலத்தில் இறங்கிய பிறகுதான் அந்த அம்மாவின் கணக்கு புரிந்தது. மானாவாரியில் கருங்கண்ணி போடுகிறேன். ஐப்பசி மழைக்கு விதைப்பு. கோடையில் மாரைப் பிடுங்கிப் படப்பு. ஒட்டுரகத்தைவிட விளைச்சல் குறைவுதான். ஆனால் மருந்து அடிப்பதில்லை. கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் ஆட்டி, தைரியமாகப் பால் எடுக்கிறோம். மருந்தடித்த பருத்தியில் இதற்கு மனசு வருமா?

பருத்தி விலை நம் கையில் இல்லை. அடுப்பும் மாட்டுத்தொட்டியும் நம் கையில் இருக்கின்றன. அடுத்த தடவை பருத்தி விற்கும்போது ஒரு மூட்டையை வீட்டுக்கென்று நிறுத்திப் பாருங்கள். மார்கழியில் அதன் அருமை தெரியும்.