கிளை திறக்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சில, கைபேசி வழியே ஆர்டர் பெற்றுக் காய்கறிகளை நேரே நகரத்து வீடுகளுக்கு அனுப்பி வருகின்றன. விற்பனை சூடு பிடித்தவுடன் அடுத்த ஊரிலும் கிளை திறக்கும் ஆசை எழுவது இயல்பே. அதற்குமுன் அமெரிக்காவின் வெப்வேன் நிறுவனத்துக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது நலம்.

1996-ல் தோன்றிய அந்நிறுவனம் 1999 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விற்பனையைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால் காய்கறியும் மளிகையும் வாடிக்கையாளர் குறித்த அரைமணி நேரத்துக்குள் வீடு வந்து சேரும். ஓக்லாந்து நகரில் அது அமைத்த இயந்திரக் கிடங்கு நாளொன்றுக்கு 8,000 ஆர்டர்களைக் கையாள வல்லது. வந்தவையோ அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆயினும் விற்பனை தொடங்கிய மறுமாதமே, இத்தகைய 26 கிடங்குகளைக் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2001 ஜூலையில் நிறுவனம் மூடப்பட்டு, ஏறத்தாழ 2,000 பேர் வேலை இழந்தனர். புதிய நெல் ரகத்தைக் கால் ஏக்கரில்கூடப் பயிரிட்டுப் பார்க்காமல் நிலம் முழுவதும் நடும் உழவர் உண்டா?

இழப்பு எவ்வாறு வருகிறது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 300 ரூபாய் ஆர்டர் ஒன்றில் காய்கறி கொள்முதல் 210 ரூபாய், வண்டிச் செலவு 45, பை முதலியன 10, அழுகல் கழிவு 15 எனக் கொள்வோம். மிச்சம் 20 ரூபாய். கிடங்கு வாடகைக்கும் சம்பளத்துக்கும் மாதம் 24,000 ரூபாய் ஆனால், 1,200 ஆர்டர்கள், அதாவது தினம் 40 வந்தால்தான் வரவும் செலவும் சரியாகும். இதே வண்டி பாதி ஆர்டருடன் கிளம்பினால் ஒன்றுக்கு 90 ரூபாய் வண்டிச் செலவாகி, ஒவ்வோர் ஆர்டரிலும் 25 ரூபாய் நட்டமே மிஞ்சும். புதுக் கிளையில் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் இந்நிலைதான்.

ஆகவே வாரந்தோறும் குறித்த நாளில் நிர்வாகிகள் கூடி, ஆர்டர் எத்தனை, நேரத்தில் சேர்ந்தவை எத்தனை, கழிவு எத்தனை கிலோ என்ற மூன்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அறுவடை, தரம் பிரித்தல், வண்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரைக் குறித்துவிட வேண்டும். ‘எல்லோருமாகப் பார்த்துக் கொள்வோம்’ என்றால் மாலையில் தக்காளி கிடங்கிலேயே கிடக்கும். ஐப்பசி மழையையும் கோடையையும் தாண்டி, ஓராண்டு முழுவதும் முதல் கடை லாபத்தில் நின்ற பிறகே அடுத்த ஊரை நினைக்கலாம்.

வெப்வேனில் பணியாற்றி அடிபட்ட சிலரை வைத்துக்கொண்டு அமேசான் நிறுவனம் 2007-ல் சியாட்டில் வட்டாரத்தில் இதே வியாபாரத்தைத் தொடங்கியது. அடுத்த நகரமான லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அது போனது 2013-ல்.