கடல் பசுவுக்காகப் பேசுபவர்கள்

அண்மையில் நேரலையில் ஒரு தாயார் அழைத்தார். “தம்பி, மக எஸ்பிஎம் முடிச்சிட்டா. கடல் உயிரினங்களப் பத்திதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அது சோறு போடுமா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டேன். மனம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தபோது, பதில் நம் ஜொகூரிலேயே இருந்தது.

மெர்சிங்கிற்கு அப்பால் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் வளர்கிறது. அதை மேய்ந்து வாழ்வதுதான் ‘டூகோங்’ எனும் கடல் பசு. தமிழக மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். 70 ஆண்டுகள் வரை வாழும் உயிர் இது. ஆனால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால், வலையில் சிக்கினால் மூழ்கி இறந்துவிடும். ஒன்று போனால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்தக் கடல் பசுக்களை ஆராய்பவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். ஹவாயியில் கடல் அறிவியல் படித்தவர். ஓமான் கடலின் டால்பின்களையும் திமிங்கிலங்களையும் ஆராய்ந்து பிரிட்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். 2012-இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ‘மாரேசெட்’ அமைப்பைத் தொடங்கினார். சிறு விமானத்திலிருந்து கடல் பசுக்களை எண்ணுவதும், கடற்புல்லில் அவை மேய்ந்த தடங்களைத் தேடுவதும் ஆய்வின் ஒரு பாதி. பள்ளிகளிலும் கரையோரக் கிராமங்களிலும் அதை எடுத்துச் சொல்வது மறுபாதி. வலையை வீசுபவருக்குப் புரியாத ஆய்வு, கடல் பசுவைக் காப்பாற்றாது.

இதற்குப் பட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கேலாங் பாத்தாவை அடுத்த தஞ்சோங் குப்பாங்கில், 2008-இல் ‘கெலாப் அலாமி’ தொடங்கப்பட்டது. தொடங்கிய இருவரில் செரினா ரஹ்மான் ஆய்வாளர். ஷாலான் ஜுமாட் அவ்வூர் மீனவர். மெராம்போங் கடற்புல் திட்டில் கடற்குதிரைகளையும் மற்ற உயிரினங்களையும் அடையாளம் கண்டு பதிவு செய்ய, வருபவர்களுக்கு விளக்கிச் சொல்ல, ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டிக்காகக் கடலைத் தூர்த்தபோது, அந்தத் திட்டும் பாதிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், கடலுக்கு அடியில் என்ன இருந்தது என்று சொல்ல ஊரிலேயே ஆள் இருப்பது சின்ன விஷயமா?

இந்தத் தேவை ஜொகூரோடு முடிவதில்லை. தமிழக அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கும் மீனவர்கள் ஒத்துழைக்காமல் எதுவும் நடக்காது. அவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

அம்மா, அன்று பாட்டைப் போட்டதற்கு மன்னியுங்கள். உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். இது பெரும் பணம் தரும் வேலை அல்ல. இத்தகைய அமைப்புகள் பலவும் நிதியுதவியை நம்பி நடப்பவை. எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால், இது வேலையே இல்லை என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். விடுமுறையில் ஒருநாள், நீர் வற்றும் நேரமாகப் பார்த்து அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். அவள் சொல்வதை நீங்கள் கேளுங்கள். அந்தப் பெயர்களும் கதைகளும் உங்களுக்குப் புரிகிற மாதிரி அவளுக்குச் சொல்ல வந்தால், பாதி வேலையை அவள் இப்போதே கற்றுக்கொண்டுவிட்டாள்.