வில்லியம் கோட்டைத் துளைக்கிணறு

ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில் அமைந்த பழைய துறைமுகப் பட்டினமாகிய கல்கத்தாவில் (2001 முதல் கொல்கத்தா) நீருக்கு எக்காலத்தும் குறைவில்லை. குடிக்கத் தக்க நீருக்கே குறைவு. ஆறு கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. கோடையில் அதன் நீர் உவர்ப்பேறும். ஆழமில்லாக் கிணறுகளிலோ உப்பும் அழுக்கும் கலந்திருந்தன. ஆதலால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகர மக்கள் லால் டிகி போன்ற குளங்களையும், தோற்பையில் நீர் சுமந்து வந்த பிஸ்திகளையும் நம்பி வாழ்ந்தனர்.

பூமியின் ஆழத்தில் நன்னீர் கிடைக்குமா என்று அறிய நகரில் பலமுறை துளையிட்டுப் பார்த்தனர், பயனில்லை. இறுதியில் 1835-ஆம் ஆண்டு வில்லியம் கோட்டைக்குள் ஒரு துளைக்கிணறு தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆர்ட்டீசியன் கிணறுகள் பெரும் புகழ் பெற்றிருந்தன. நீர் புகாத இரு களிமண் அடுக்குகளுக்கு இடையே மணல் அடுக்கு ஒன்று சரிந்து கிடப்பதாகக் கொள்வோம். அதன் மேல்முனை உயரமான நிலத்தில் வெளிப்பட்டு மழைநீரை ஏற்குமானால், தாழ்ந்த இடத்தில் அதனைத் துளைத்ததும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழும். பாரிஸ் நகரில் கிரனெல் என்னுமிடத்தில் 1833-இல் தொடங்கிய இத்தகைய கிணறு 1841-இல், ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில், பீறிட்டுப் பாய்ந்தது. கல்கத்தாக் கிணற்றுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 481 அடி சென்றும் நீர் பொங்கவில்லை. 1840-இல் வேலை நின்றது.

குடிநீர்த் திட்டம் என்ற வகையில் அது தோல்வியே. எனினும் துளையிட்டோர் வெளிவந்த மண்ணை வாரிக் கொட்டிவிடாமல், எந்த அடியில் எது கிடைத்தது என்று குறித்து வைத்தனர். பிரயோஜனம் முழுவதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

முதல் 10 அடி மேல்மண். அதன்கீழ் 15 அடி கனமுள்ள இறுகிய நீலக் களிமண். அதற்கும் கீழே மண் படிப்படியாகக் கறுத்து, சுமார் 30 அடியில் மக்கிய தாவரப் படுகையாக, அதாவது முற்றா நிலக்கரியாக மாறிற்று. பின்னர் 120 அடி வரையில் களிமண்ணும் பலநிற மணலும் சுக்கான்கல்லோடு மாறி மாறி வந்தன. அதற்கப்பால் குழம்பு போன்ற புதைமணல். 152 அடியில் செம்புரைக்கல்லை ஒத்த இரும்புக் கட்டிகள். 350 அடியில் ஒரு விலங்கின் எலும்பு அகப்பட்டது. நாயின் முன்கால் எலும்பாக இருக்கலாமென்று கருதினர். 360 அடியில் ஆமையோட்டுத் துண்டுகள் வந்தன. 392 அடியில் மலையோடைகளில் காணப்படுவது போன்ற நிலக்கரித் துணுக்குகளும் மக்கிய மரமும் இருந்தன. 400 அடிக்குக் கீழே மணலும், பழம்பாறைகளிலிருந்து உடைந்த கூழாங்கற்களும். ஆசியச் சங்கத்தின் செயலாளரும், அசோகரின் பிராமி எழுத்தை 1837-இல் படித்தறிந்தவருமான ஜேம்ஸ் பிரின்செப் இவ்வெலும்பைப் பற்றிச் சங்கத்தின் இதழில் எழுதினார். பூகர்ப்ப அறிஞர் சார்லஸ் லயல் தம் நூலின் பிற்பதிப்புகளில் இக்கிணற்றை எடுத்துக்காட்டினார்.

அறிஞர்கள் வியந்ததற்குக் காரணம் உண்டு. கல்கத்தாவின் தரைமட்டம் கடலுக்கு 20 அடி அளவே உயர்ந்தது. எனவே 350 அடியில் கிடந்த எலும்பு கடல்மட்டத்துக்கு 330 அடி கீழே இருந்தது. ஆயினும் துளை முழுவதிலும் கடற்சிப்பி ஒன்றேனும் தென்படவில்லை. கிடைத்தவை யாவும் ஆறும் தரையும் தந்த பொருள்கள். அந்த ஆழம் ஒரு காலத்தில் வெயில் பட்ட நிலமாக இருந்திருக்க வேண்டும். சியால்டாவில் குளம் வெட்டியபோது, அலையேற்றம் தொடும் சேற்று நிலத்தில் வளரும் சுந்தரி மரத்தின் அடிக்கட்டைகள் பூமிக்குள் நின்ற நிலையிலேயே காணப்பட்டன. இச்சான்றுகளைக் கொண்டு, ஆறு மண்ணைக் குவிக்கக் குவிக்க நிலம் மெல்ல அமிழ்ந்தது என்று முடிவு செய்தனர். அம்முடிவு பெரும்பாலும் சரியே, ஆனால் முழுமையன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சியில், உலகெங்கும் கடல்மட்டம் ஏறத்தாழ 400 அடி தாழ்ந்திருந்தது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. நிலம் தாழ்ந்தது, கடலும் உயர்ந்தது; இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இதனோடு நெய்வேலியை ஒப்பிட்டுக் காட்டலாம். அங்கு ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930-களில் ஆர்ட்டீசியன் நீரோடு கருநிறப் பொருள் வெளிவந்தது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அதுவே தொடக்கம். அங்கே மணற்பாறை அடுக்கு உயர்ந்த பக்கத்தில் மழையை ஏற்றுச் சரிந்து செல்வதால் நீர் அழுத்தம் மிகுதி. கல்கத்தாவைச் சூழ்ந்த சமவெளியிலோ அத்தகைய உயரம் இல்லை. மணலில் நீர் நிறைந்திருந்தும் தரைக்கு மேல் பாயாமைக்கு இதுவே விளக்கம்.

நகரின் தாகத்தைத் தணித்தது வேறு ஏற்பாடு. 1870-ஐ ஒட்டி, வடக்கே பல்தாவில் ஹூக்ளி நீரை வடிகட்டி அனுப்பத் தொடங்கினர். 1911-இல் எஃகுத் தூண்களின்மீது டாலா நீர்த்தொட்டி எழுந்தது. பின்னர் மக்கள்தொகை பெருகவே குழாய்க் கிணறுகளும் பெருகின. அவை எடுப்பது 1835-இல் தொடங்கிய துளை கண்ட அதே புதைமணலின் நீரைத்தான். மேலுள்ள களிமண் மூடியோ நகரில் பெய்யும் மழையை எளிதில் கீழே விடுவதில்லை. மணலுக்கு நீர் ஊறுவது பெரும்பாலும் வடக்கே நதியா முதலிய மாவட்டங்களின் பக்கமிருந்து. வரவு தொலைவில், செலவு வாயிலில். தென்மத்திய நகரில் நிலத்தடி நீரின் அழுத்தமட்டம் கிண்ணம்போல் குழிந்ததை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அளவீடுகள் காட்டின.

அந்தப் பழைய குறிப்பில் இன்னொரு செய்தியும் மறைந்திருந்தது. இமயத்திலிருந்து வந்த வண்டலில் இரும்புத் துகள்களைப் பற்றிக்கொண்டு சிறிதளவு ஆர்சனிக் உள்ளது. மக்கிய தாவரப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள், காற்றில்லாத ஆழத்தில் இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. மேற்கு வங்கத்தில் இந்நஞ்சால் தோல்நோயுற்றோர் 1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கண்டறியப்பட்டனர். நகரின் தென்பகுதியிலும் சில குழாய்க் கிணறுகளில் பின்னர் அது காணப்பட்டது. தெளிந்த நிறமும் நல்ல சுவையும் இதற்குச் சாட்சியாகா. பரிசோதனை ஒன்றே வழி. அருகருகே உள்ள இரு கிணறுகளில் ஒன்று நல்லதாகவும் மற்றொன்று நஞ்சாகவும் இருக்கக்கூடுமாதலால், ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதித்து, அதன் ஆழத்தையும் முடிவோடு சேர்த்து எழுதி வைப்பது களப்பணியாளர் கடமை.