புட்டத்தில் பிடித்துக் காலுக்கு இறங்கும் வலி... எண்ணெய் போட்டுத் தடவலாமா?

மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் பிசான நடவு சூடுபிடிக்கும். நாலைந்து நாள் குனிந்தே நாற்று நட்டவர்களும், வாழைத்தார் சுமந்தவர்களும், நாள் முழுக்க டிராக்டரில் உட்கார்ந்தவர்களும் அடிக்கடி சொல்லும் வலி ஒன்று உண்டு. ஒரு பக்கப் புட்டத்தின் ஆழத்தில் பிடித்து, தொடையின் பின்புறம் வழியாகக் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும். ஊரில் இதை 'வாயுப் பிடிப்பு' என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர் சயாட்டிகா.

உடம்பிலேயே தடிமனான நரம்பு இதுதான். கீழ் முதுகில் புறப்பட்டு, புட்டத்துக்குள் இருக்கும் 'பிரிஃபார்மிஸ்' என்ற சிறு தசையை ஒட்டிக் காலுக்கு இறங்குகிறது. பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதால் வலி வருகிறது. சிலருக்கு அந்தத் தசை இறுகி நரம்பை நெருக்குவதாலும் வரும். இருமும்போதும் தும்மும்போதும் காலுக்கு 'சுரீர்' என இறங்கினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். முதுகில் ஒன்றும் இல்லாமல், புட்டத்தில் ஓர் இடத்தை அழுத்தினால் வலித்து, உட்கார்ந்தால் கூடினால் தசையாக இருக்கலாம். உறுதி செய்ய வேண்டியது டாக்டர்தான்.

தசை இறுக்கத்துக்குத் தடவல் நல்ல சுகம் தரும். வலிக்கும் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தொட்டு, இடுப்பின் நடு எலும்பு ஓரத்திலிருந்து தொடை எலும்பு முட்டும் இடம் வரை, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக அழுத்தித் தேய்க்கலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். கால் விரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால், அழுத்துவது நரம்பை; உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

டிஸ்க் கதை வேறு. பிதுங்கியதை எந்தக் கையாலும் உள்ளே தள்ள முடியாது. ஆனாலும் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி தானாகவே தணிந்துவிடும். பெயரைத் தட்டிச் செல்வது கடைசியாகத் தடவிய கை! பாயே கதி என்று படுத்துவிடாமல், முடிந்த அளவு நடமாடுவதுதான் நல்லது. பாரம் தூக்குவதையும் நெடுநேரம் குனிவதையும் அதுவரை தள்ளிப்போட வேண்டும். முதுகில் ஆளை ஏற்றி மிதிக்கச் சொல்வது, இடுப்பைத் திருகி 'சொடக்கு' எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் இந்தத் தடவலுக்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது வகை உண்டு. யாருக்கு எது என்பதைப் படித்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலி வந்திருந்தாலோ தடவக் கூடாது. சர்க்கரை நோயால் மரத்த காலுக்குச் சூட்டு ஒத்தடமும் ஆபத்து. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, அறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ நடவு, அறுப்பு எதையும் பார்க்காமல், ராத்திரி என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டும். தாமதித்தால் அந்த மரத்துப்போனது நிரந்தரமாகிவிடலாம்.