400 சதுர அடி வீட்டில் ஹோம் ஜிம்: ட்ரெட்மில்லுக்கு வாடகை யார் கட்டுறது?

"ட்ரெட்மில் 36,000 ரூபாய், மாசம் 3,000 தான், நோ காஸ்ட் இஎம்ஐ, வீட்ல நாலு பேரும் யூஸ் பண்ணலாம்." இந்த ஆஃபரைப் பார்த்தா நியாயமாத்தான் தோணும். ஆளுக்கு மாசம் 1,000 ஜிம் ஃபீஸ்னு வெச்சாலும் நாலு பேருக்கு வருஷம் 48,000 ஆகுதே!

ஆனா இந்தக் கணக்குல இடம் சேரவே இல்லை. மூலக்கொத்தளத்தில் 400 சதுர அடி வீடு, வாடகை 10,000 என்று வைத்துக்கொள்வோம். அப்போ சதுர அடிக்கு மாசம் 25 ரூபாய். ட்ரெட்மில் நிற்கிற இடம், தடுக்கி விழுந்தால் அடிபடாமல் இருக்கப் பின்னாடி விட வேண்டிய இடம் எல்லாம் சேர்த்து சுமார் 30 சதுர அடி. மாசம் 750, வருஷம் 9,000 ரூபாய். அந்த மெஷினுக்கு நீங்கதான் வாடகை கட்டுறீங்க. சொந்த வீடா இருந்தாலும் இடம் இடம்தான். நம்ம பக்கம் ஹால்தான் ராத்திரி பெட்ரூம். பாய் போடுற இடத்துல மெஷின் நின்னா வீட்ல ஒருத்தர் மொட்டை மாடிக்குத்தான் போகணும். மடக்கி வைக்கிற மாடல் இருக்கே என்பீர்கள். தினமும் மடக்கி விரிக்கப் போவது யார்னு முதலில் முடிவு பண்ணுங்க.

அடுத்து இஎம்ஐ. பொதுவாக நோ காஸ்ட் இஎம்ஐ-யில் வட்டி இல்லாமல் இல்லை; அந்த வட்டி அளவுக்கு முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார்கள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. 36,000-க்கு 12 மாசம், 15% வட்டி என்றால் இந்த வரி மட்டும் சுமார் 500 ரூபாய். பிராசசிங் ஃபீஸ் தனி. மொத்தமா பணம் கொடுத்தால் கடையில் குறைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்க. இஎம்ஐ-யோட உண்மையான விலை அங்கதான் தெரியும்.

கரண்ட் பில்லையும் விட்டுடாதீங்க. நாலு பேர் ஆளுக்கு அரை மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஒன்றரை யூனிட் வரை போகலாம். ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட். ஏசி ஓடுற வீட்ல இது உங்களை 500 யூனிட்டைத் தாண்ட வைத்தால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழ் ஸ்லாபுக்கும் ரேட் ஏறும்.

வரியில் இன்னொரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆகிவிட்டது. வீட்டுக்கு வாங்குற உடற்பயிற்சி மெஷினுக்கு அதே 18%தான். 80டி-யில் கழிக்கலாமா என்றால், ரெண்டையுமே கழிக்க முடியாது.

அப்போ வீட்ல ஜிம்மே வேண்டாமா? வேணும். ஆனா கட்டிலுக்கு அடியில் போகிற ஜிம். 'சார்பட்டா பரம்பரை' (2021) படம் பார்த்தவங்களுக்கு வட சென்னை குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிப்பிங் கயிறு, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை: நம்ம ஊர்ல உடம்பு தேத்தினவங்க பிளக் பாயிண்ட் தேடி அலையலை.

ஒரு குடும்பத்துக்கு யோகா மேட் ரெண்டு, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் ஒரு செட், ஸ்கிப்பிங் கயிறு, பிளேட் மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி போதும். 6,000 ரூபாய் பட்ஜெட் போடுங்க. பெரியமேடு ஸ்போர்ட்ஸ் கடைகள் பக்கத்துலதான், பிளேட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே வாங்கலாம். எல்லாத்தையும் ஒரே நாளில் வாங்காதீங்க. முதல் மாசம் மேட், பேண்ட் மட்டும். அதைத் தொடர்ந்து யூஸ் பண்ணினால்தான் டம்பெல்.

அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் பேண்ட் இழுப்பதும் போதும். ஸ்கிப்பிங், கர்லா ரெண்டும் மொட்டை மாடிக்கு. ஹாலில் குதித்தால் கீழ் வீட்டு அக்கா மேலே வந்துடுவாங்க! குழந்தை இருக்கிற வீட்ல டம்பெல் தரையில்தான் இருக்கணும், அலமாரியில் வேண்டாம். வாடகை வீட்டு நிலையில் புல்-அப் பார் திருகி மாட்டுறதுக்கு முன்னாடி ஓனரிடம் ஒரு வார்த்தை கேளுங்க, காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

இதுக்கு நடுவுல அந்த 3,000 ரூபாயை மாசாமாசம் ஆர்டி-யில் போடுங்க. ஆறு மாசத்தில் 18,000-மும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். அப்பவும் ட்ரெட்மில் வேணும்னு தோணினால் செகண்ட் ஹேண்ட் பாருங்க. விக்கிறவங்க வீட்டிலேயே, உங்க வீட்ல வெயிட் அதிகமான ஆளை ஏத்தி 20 நிமிஷம் ஓட்டிப் பாருங்க. மோட்டார் பக்கம் கருகின வாசனை வந்தாலோ, பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கினாலோ வேண்டாம். விலை பேசும்போது டாடா ஏஸ் வாடகையையும், லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கு ஏத்துற கூலியையும் சேர்த்தே பேசுங்க.