சிறு விமானத்தின் உடற்பரிசோதனை

ஆகாய விமானம் ஒன்று வீழ்ந்ததெனக் கேட்பின், ஓட்டியவர் தவறினரோ, யந்திரம் நின்றதோ, புயல் தாக்கியதோ என்று வினவுதல் உலக வழக்கு. யந்திரம் செவ்வனே இயங்க, ஓட்டுபவர் வல்லவராயிருக்க, வானமும் தெளிந்திருக்க, விமானத்தின் உடலே முறிந்து வீழ்தலும் உண்டு என்பதைப் பலர் எண்ணுவதில்லை. இருவர் முதல் நால்வர் வரை ஏறிச் செல்லும் சிறு விமானங்களின் உடலை எங்ஙனம் சோதித்துப் பேணுகின்றனர் என்பதையும், அப்பணியில் கைத்தொழிலோடு ஏட்டுத் தொழிலும் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

யந்திரத்தையும் அதன் சுழல்விசிறியையும் நீக்கினால் பெரும்பாலும் எஞ்சி நிற்பது விமானத்தின் உடல். ஆட்கள் அமரும் கூடு, இறக்கைகள், வால், விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் அசையும் பலகைகள், அப்பலகைகளை இழுக்கும் எஃகு வடங்கள், சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கால்கள் ஆகியன அதன்கண் அடங்கும். பழைய சிறு விமானங்களிற் பல, மரச் சட்டத்தின் மீதோ எஃகுக் குழாய்களின் மீதோ துணி போர்த்தி ஆக்கப்பட்டவை. பின்னர் வந்தவற்றுள் பெரும்பாலன அலுமினியக் கலவைத் தகடுகளை ரிவெட்டு ஆணிகளால் இணைத்து ஆக்கப்பட்டவை. வீட்டின் கூரைக்கு உத்திரம் எப்படியோ, அப்படியே இறக்கைக்கு ஸ்பார் என்னும் நெடுஞ்சட்டம். பறக்கும் விமானத்தின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது அதுவே.

இவ்வுடலை எப்பொழுது சோதிப்பது? அமெரிக்க ஐக்கிய நாட்டு விதிகளை உதாரணமாகக் கொள்வோம். அங்கே சாதாரணச் சிறு விமானம் 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கு உட்படல் வேண்டும். கூலிக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதாயினும், கூலி பெற்றுப் பறக்கக் கற்பிப்பதாயினும், ஒவ்வொரு 100 மணிப் பறப்பிற்கும் ஒருமுறை மேலும் சோதனை வேண்டும். சோதனை நடைபெறும் இடத்தை அடைவதற்காக மட்டும் 10 மணி வரை மிகுதியாகப் பறக்கலாம். ஆயினும் அம்மிகுதி அடுத்த 100 மணியினின்றும் கழிக்கப்படும். ஆண்டுச் சோதனை முடிந்தபின், அதற்கெனத் தனி அதிகாரம் பெற்றவர் விமானத்தின் பதிவேட்டிற் கையொப்பமிட்டால் அன்றி அது மீண்டும் பறத்தல் ஆகாது.

சோதனை தொடங்குமுன் விமானத்தைத் தூய்மை செய்து, மூடிகளையும் பார்வைத் துளைகளின் தகடுகளையும் கழற்றிவிடல் வேண்டும் என்பது விதி. எனினும், கழுவுமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் தேர்ந்தோர் வழக்கம். அழுக்கும் ஒரு சாட்சியாகலின். ரிவெட்டு ஆணியொன்று தளர்ந்து தகட்டோடு உராயுமாயின், உராய்ந்த உலோகப் பொடி கரும்புகை போல ஆணித்தலையின் பின்புறம் கோடிட்டு நிற்கும். கழுவிவிட்டால் அக்கோடு மறைந்துவிடும், தளர்ச்சியோ மறைவதில்லை.

இரும்பின் துருவைப் போன்று அலுமினியத்தின் அரிப்புச் சிவந்து தோன்றாது. வெண்பொடியாக வெளிப்படும், சிலபொழுது வர்ணப் பூச்சின் கீழே கொப்புளமாகப் புடைக்கும். கடற்கரையில் நிறுத்தப்படும் விமானங்களுக்கு இந்நோய் மிகுதி. கூட்டின் அடிப்புறத்தில் நீர் வடிவதற்கென விட்ட சிறு துளைகள் அடைபட்டால், உள்ளே தேங்கும் நீர் நாளடைவில் தகட்டைத் தின்றுவிடும். இறக்கையினுள் எலி கூடு கட்டுவதும் உண்டு. அதன் சிறுநீர் உலோகத்தை அரிக்கும் வன்மையுடையது. ஆதலின், சோதிப்பவர் விளக்கும் கைக்கண்ணாடியும் கொண்டு மூலை முடுக்கெல்லாம் நோக்குகின்றனர்.

அடுத்து எஃகு வடங்கள். இவ்வடங்களுள் ஒருவகையில் 7 புரிகள்; புரியொன்றுக்கு 19 கம்பிகள்; ஆக 133 மெல்லிய கம்பிகள். கப்பியின் மீது வளைந்து செல்லுமிடத்தே இக்கம்பிகள் ஒவ்வொன்றாக அறுவது இயல்பு. வடத்தின் மீது துணியைச் சுற்றி இழுத்துச் சென்றால் அறுந்த கம்பியின் முனை துணியைப் பற்றிக்கொள்ளும். வெறுங்கையால் தடவிப் பார்ப்பவரின் விரலையும் அஃது அவ்வாறே பற்றிக் கிழிக்கும். வடத்தின் இழுவிசையைக் கருவிகொண்டு அளப்பர். வெயிலில் அலுமினிய உடல் எஃகு வடத்தினும் மிகுதியாக நீளுதலால் இழுவிசை ஏறும். ஆகவே அன்றைய வெப்பநிலைக்கு உரிய அளவை அட்டவணையிற் கண்டே முறுக்கிச் சரிசெய்தல் முறை. வடத்தைக் கழற்றி மாட்டியபின் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டுபவரின் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால், இடது இறக்கையின் பலகை மேல்நோக்கியும் வலது இறக்கையின் பலகை கீழ்நோக்கியும் அசைதல் வேண்டும். வடங்கள் மாறி மாட்டப்பட்டிருப்பின், எவ்வளவு உறுதியாக மாட்டியிருப்பினும் அவ்விமானம் ஓட்டுபவர் கருத்துக்கு மாறாகவே சாயும்.

நிற்க. இதுகாறும் கூறியன கண்ணுக்கும் கைக்கும் புலனாவன. இவ்விரண்டிற்கும் அகப்படாத நோய் ஒன்று உண்டு. அதனை உலோகச் சோர்வு என்பர். மெல்லிய கம்பியொன்றை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. முன்னும் பின்னும் பன்முறை வளைத்தால் ஒடிகின்றது. விமானம் பறக்கும்பொழுது இறக்கைகள் மேல்நோக்கி வளைகின்றன. அப்பொழுது ஸ்பாரின் அடிப்பாகம் இழுபடுகின்றது. தரையில் இறங்கியதும் அவ்விழுப்பு நீங்குகின்றது. ஒவ்வொரு பறப்பிலும் இவ்வாறே இழுபட்டும் தளர்ந்தும் வருதலால், ஆணித்துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றி மெல்ல வளரும். துளையின் உள்ளே ஆணி நிறைந்திருத்தலின் அதனைக் காண்பார் இலர்.

4-4-2018 அன்று அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்து டேட்டோனா பீச்சில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பைப்பர் ஆரோ என்னும் வகையைச் சேர்ந்த பயிற்சி விமானம் ஒன்று தரையினின்று எழுந்த சிறிது நேரத்தில், அதன் இடது இறக்கை கழன்று வீழ்ந்தது. பரீட்சை கொடுத்த மாணாக்கரும், பரீட்சை செய்தவரும் ஆகிய இருவரும் மாண்டனர். அவ்விமானம் 2007-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. 7,600 மணிக்கு மேல் பறந்திருந்தது. இடது ஸ்பாரின் அடிப்பாகத்தில், இறக்கையை உடலோடு பிணைக்கும் ஆணியொன்றின் துளையில் சோர்வு வெடிப்பு வளர்ந்திருந்ததென அந்நாட்டு விபத்து விசாரணைக் குழு கண்டது. ஓயாது எழுந்து இறங்கும் பயிற்சிப் பறப்பும், தாழப் பறத்தலும் அவ்வெடிப்பை வளர்த்தன என்றும், அதுகாறும் வகுக்கப்பட்டிருந்த சோதனை முறைகள் அதனை உரிய காலத்திற் காட்டப் போதியவையாக இல்லை என்றும் அக்குழு முடிவு கூறிற்று. வழக்கமான சோதனை மட்டும் அவ்விருவரையும் காத்திருத்தல் அரிது என்பதே இதனால் விளங்குகின்றது.

அத்தகைய வெடிப்பைக் கண்டறிய உதவுவது சுழல் மின்னோட்டச் சோதனை. ஆணியைக் கழற்றி, மாறுமின்னோட்டம் பாயும் சிறு கம்பிச்சுருளைத் துளையினுள் நுழைக்கின்றனர். சுருளின் காந்தசக்தியால் உலோகத்தினுள்ளும் சிறு மின்சுழல்கள் பிறக்கின்றன. உலோகம் பழுதற்றிருப்பின் அவை ஒரே தன்மையாக ஓடும். வெடிப்பு எதிர்ப்படின், நீரோட்டம் பாறையைச் சுற்றிச் செல்வது போல் விலகி ஓடும். அம்மாறுதலைக் கருவியின் முள்ளோ திரையோ காட்டிவிடும்.

இனி, எந்த விமானத்தின் ஆணிகளைக் கழற்றிப் பார்ப்பது? ஆணியைக் கழற்றி மாட்டுதலே துளையைக் கீறிப் பழுதாக்கவும் கூடும். ஆதலின் எல்லாவற்றையும் கழற்றுதல் நன்றன்று. 2021-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசாங்க ஆணையொன்று, பைப்பர் விமானங்களிற் சில வகைகளுக்கு ஒரு கணக்கு வகுத்தது. 100 மணிச் சோதனைகள் நடந்த எண்ணிக்கையை 100-ஆற் பெருக்குக. விமானம் பறந்த மொத்த மணியில் எஞ்சியதை 17-ஆல் வகுத்து அதனோடு கூட்டுக. வருந்தொகை 5,000-ஐ எட்டின் துளைகளைச் சோதிக்க என்பதே அக்கணக்கு. 6,000 மணி பறந்த விமானங்கள் இரண்டைக் கொள்வோம். ஒன்றற்கு 50 முறை 100 மணிச் சோதனை நடந்திருப்பின், 5,000-த்தோடு, எஞ்சிய 1,000-த்தின் பதினேழில் ஒரு பங்காகிய 59-ஐக் கூட்ட, 5,059 ஆகும். அதனைச் சோதித்தே தீரவேண்டும். மற்றொன்று சொந்தக்காரர் ஒருவர் ஓட்டி, 100 மணிச் சோதனை ஒருமுறையும் வேண்டாதிருந்ததாயின், அதன் தொகை 353 மட்டுமே. வயதும் மணியும் ஒன்றே; வாழ்ந்த வாழ்வு வேறு. அதனால் இறக்கையின் சோர்வும் வேறு.

இக்கணக்கு முழுதும் எதனை நம்பி நிற்கின்றது? விமானத்தோடு வழிவழியாக வரும் பதிவேட்டையே. எத்தனை முறை சோதனை நடந்தது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது, யார் கையொப்பமிட்டார் என்பனவெல்லாம் அதில் உள்ளன. அவ்வேட்டில் இடையே ஏடு குறைந்திருப்பின், தொகை எவ்வளவாயினும் துளைகளைச் சோதிக்க என்று அவ்வாணையே விதித்தது. இலக்கிய மாணாக்கராகிய எமக்கு இச்செய்தி வியப்பும் படிப்பினையும் ஒருங்கே தந்தது. ஓலைச்சுவடியில் ஓரேடு தவறினால் ஒரு செய்யுளின் பொருள் கெடும். விமானத்தின் ஏடு தவறினால் ஓர் ஆணித்துளையின் வரலாறு மறைகின்றது.

பார்க்காததைப் பார்த்ததாக ஒரு வரி எழுதிவிடுதல் மிக எளிது. அவ்வரியைப் படிப்பவர் நாளை அதனை மெய்யென்றே கொள்வர்; அதன்மேல் கணக்கிடுவர்; அக்கணக்கின்மேல் இருவர் வானில் எழுவர். ஆதலின், சிறு விமானத்தைப் பேணுபவர்க்குக் கூரிய கண்ணும் தேர்ந்த கையும் மட்டும் போதா. செய்ததைச் செய்தவாறே எழுதும் வாய்மையும் வேண்டும். பெயர் அறியப்படாது பணிமனையிற் குனிந்து நிற்கும் அம்மக்களின் கையொப்பத்தை நம்பியே மற்றவர் வானில் நிமிர்ந்து செல்கின்றனர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.