நாற்பதுக்குப் பின் மூட்டும் தசையும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் மூட்டுவலியும் தசைவலியும் பெரும்பாலும் நிலையாகத் தங்குவதில்லை. வந்து வந்து போகின்றன. இரண்டு வாரம் முழங்கால் படியேற விடாது. பிறகு மாதக்கணக்கில் அப்படியொரு வலி இருந்ததே நினைவில் இருக்காது. கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் மறுநாள் குறுக்கு பிடித்துக்கொள்ளும். வலி அடங்கிய நாட்களில் அதற்காக எதையும் செய்யாமல் இருப்பதும், திரும்ப வந்ததும் பதறிப் படுத்துவிடுவதும்தான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. வலி அடிக்கடி திரும்புவதற்கு இதுவே ஒரு பெரிய காரணம்.

இந்த வயதில் பல மாற்றங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. முப்பதுகளுக்குப் பின் உடலின் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. எடையோ கூடிக்கொண்டே போவதால் குறைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தசைநாண்கள் நெகிழ்வை இழக்கின்றன. காயம் பட்டால் ஆற முன்பைவிட அதிக நாள் எடுக்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு விரல், தோள், முழங்கால் என்று இடம் மாறி மாறி வலி தோன்றுவதும் சகஜம். அதை வேலைப்பளு என்றோ மனச்சோர்வு என்றோ வீட்டார் தள்ளிவிடுவதும் சகஜம். இளவயதில் விளையாட்டிலோ வண்டியிலிருந்து விழுந்தோ பட்ட பழைய அடி இருபது ஆண்டு கழித்து அதே மூட்டில் தலைகாட்டுவதுண்டு.

மூட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: டயர் தேய்வதைப் போல எலும்பு தேய்கிறது, ஆகவே குறைவாக நடந்தால் அதிக நாள் வரும் என்பது. உண்மை வேறு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வரவேண்டும். அந்த நீர் உள்ளே போய் வர, மூட்டு அழுந்தி விலகி அசைய வேண்டும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை என்பதால் அது மெலிவது நேரடியாக வலிப்பதில்லை. வலியை உணர்வது அதைச் சுற்றியிருப்பவை: மூட்டை உள்ளே மூடிய சவ்வு, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு, தசைநார்கள், தசைகள். இவற்றில் பலவற்றின் எரிச்சலைத் தணிக்க முடியும், பலவற்றை வலுவாக்கவும் முடியும். மூட்டுத் தேய்வு என்று எழுதித் தரப்பட்டவர்களும் நீண்ட காலம் வலி குறைந்து நடமாடுவது இதனால்தான்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படமும் வலியும் ஒத்துப்போகாததற்கும் இதுவே காரணம். எக்ஸ்ரேயில் முழங்கால் இடைவெளி குறுகி, ஓரத்தில் எலும்பு முளை விட்டிருக்கும் ஒருவர் திருப்பதி மலையை நடந்து ஏறுவார். படம் ஓரளவு நன்றாக உள்ள இன்னொருவர் பேருந்துப் படியில் திணறுவார். முதுகுவலியே இல்லாத 98 பேரின் முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. அவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. ஸ்கேன் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியையும் நோயாக எண்ணி இடுப்பை அசைக்கவே அஞ்சுபவர்களுக்கு, அறிக்கை செய்யும் கெடுதல் டிஸ்க் செய்வதைவிட அதிகம்.

எல்லா வலியையும் வயதின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. மூட்டுத் தேய்வில் காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகும். நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒரே மாதிரி வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு அமைப்பே மூட்டுச் சவ்வைத் தாக்கும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டு கோணிப்போகாமல் காக்கலாம். தைலம் தடவிக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலும் தாங்காத வலி வந்தால் யூரிக் அமிலப் படிகங்கள் காரணமாகலாம். சிக்குன்குனியா வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் காய்ச்சல் போய்ப் பல மாதங்கள் கழிந்தும் மூட்டுகள் வலிக்கும். 2006இல் தமிழகத்தில் அது பரவியபோது பாதிக்கப்பட்டவர்கள் இதை நன்றாக அறிவார்கள். குறிப்பிட்ட மூட்டு என்று இல்லாமல் உடம்பெல்லாம் வலித்துச் சோர்வாக இருந்தால் தைராய்டு குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஆகிய மூன்றையும் மருத்துவர் பார்ப்பது வழக்கம்.

காய்ச்சலுடன் ஒரே மூட்டு சூடாக வீங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் இடைவிடாத வலி, கால் பலமிழப்பது, முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவற்றில் எது வந்தாலும் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

தோளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 40 முதல் 60 வயது வரை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், தோள் மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுவதுண்டு. ஃப்ரோசன் ஷோல்டர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் வலி, அடுத்து இறுக்கம், பிறகு மெல்லத் தளர்வு என்று மூன்று கட்டமாக ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை இழுக்கும். சட்டையின் கையை மாட்டவோ பின்னால் ஹூக் போடவோ முடியாமல் போனபிறகே பலர் கவனிக்கிறார்கள். வலி மிகுந்த முதல் கட்டத்தில் யாரையாவது கொண்டு கையை வலுக்கட்டாயமாக மேலே தூக்கச் செய்வது வலியைக் கூட்டும். அப்போது தாங்கக்கூடிய அளவு கையை ஊசல்போல ஆட்டுவதும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் உதவும். இறுக்கத்தை உடைக்கும் பயிற்சி பின்னால் வரவேண்டியது. ரத்தச் சர்க்கரை எகிறிக்கொண்டே இருந்தால் தோளும் தாமதமாகவே தளரும்.

வலி திரும்பும் நாட்களில் முழு ஓய்வு ஓரிரு நாளுக்கு மேல் வேண்டியதில்லை. சாதாரண இடுப்புவலிக்கு வாரக்கணக்கில் படுக்கவைக்கும் பழைய வழக்கத்தை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. படுக்கையில் கிடந்தால் தசை மெலிந்து, எழுந்திருக்கும்போது வலி கூடுகிறது. வேலையை நிறுத்துவதற்குப் பதில் பங்கிட்டுக்கொள்வது நல்லது: ஒரே மூச்சில் வீடு முழுக்கத் துடைக்காமல் அறை அறையாகத் துடைப்பது, அரிவாள்மணையை விட்டு மேசையில் கத்தியால் காய் நறுக்குவது, வலி தணியும்வரை சம்மணமும் குத்துக்காலும் குறைத்துக்கொள்வது. தரையில் உட்காருவதையே வாழ்நாள் முழுக்க விலக்கத் தேவையில்லை. எழுந்திருக்கும் பலம் இருக்கும்வரை அது நல்ல பழக்கமே. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு ஐஸ், விறைத்த மூட்டுக்கும் பிடித்த தசைக்கும் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒத்தடத்தின் சூட்டைக் கையால் பார்த்துவிட்டே வைக்கவேண்டும். புண்ணாகும்வரை சுட்டது தெரியாமல் போவதுண்டு. கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் சுமை குறையும். சினிமாவில் வரும் தாத்தாக்கள் பலரும் தப்பாகவே பிடிக்கிறார்கள்.

உண்மையான சிகிச்சை வலி தணிந்த நாட்களில் நடக்கிறது. முழங்காலுக்குத் தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும்தான் காவல். அவை வலுவாக இருந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்கின்றன; மெலிந்தால் அந்த வேலை மூட்டின் தலையில் விழுகிறது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, மூட்டை அசைக்கவும் செய்கிறது. ஆனால் தசையை வலுவாக்க அது மட்டும் போதாது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்காருவது, படுத்தபடி முழங்காலை மடக்காமல் ஒரு காலை உயர்த்திப் பிடிப்பது, சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, தாழ்வான ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது ஆகியவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு மூன்று நாள் செய்து, எளிதானதும் எண்ணிக்கையையோ எடையையோ கூட்டவேண்டும். கூட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் செய்தால் பலன் நின்றுவிடும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கி வேறு நாடுகளுக்கும் பரவிய மூட்டுத் தேய்வுப் பயிற்சித் திட்டம் ஒன்றில் நோயைப் பற்றிய சில வகுப்புகளும் ஆறு வாரத்தில் 12 பயிற்சி அமர்வுகளும்தான் இருக்கின்றன. தமிழகத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி தரும் ஏற்பாடு, மாநில அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உண்டு.

பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் மூட்டு கெட்டுப்போகிறது என்று பொருளில்லை. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டு, நான்கு ஐந்துக்குள் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரியானது. வராவிட்டால் அடுத்தமுறை குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிட வேண்டாம். நெடுநாள் கழித்து உடலை வருத்தியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிக்கும். அது தானே போகும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் விட்டவர்களே பிசியோதெரபியால் ஒன்றும் ஆகவில்லை என்பவர்களில் அதிகம்.

எடை அதிகமுள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். இட்டிலி தோசையைக் காலையிலும் இரவிலும் உண்டு, நடுவில் குவியலாகச் சோறு சாப்பிடும் உணவில் புரதம் குறைவு. எடையைக் குறைக்கவும் தசையைக் காக்கவும் சுண்டல், பயறு, முட்டை, மீன் கூடவேண்டும். தூக்கமும் இதில் சேரும். இரவு சரியாகத் தூங்காதவர் அதே வலியை மறுநாள் கூடுதலாக உணர்கிறார். வலி மீண்டும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மருந்தைப் பொறுத்தவரை முழங்காலுக்கும் விரல்களுக்கும் முதலில் முயலவேண்டியது டைக்ளோஃபினாக் ஜெல் போன்ற மேற்பூச்சு. மாத்திரையாக விழுங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகியவை வலியைக் குறைக்கும். தொடர்ந்தால் இரைப்பையில் புண், ரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகக் கேடு, மாரடைப்பு அபாயம் என்று விலையும் கேட்கும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் அவற்றின் சடலம் வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததால் இந்தியா 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதைத் தடை செய்தது. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு எளிதில் விழாது என்றாலும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே தேய்த்த சிறுநீரகத்துக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தினசரி மாத்திரை பேராபத்து. ஒரே மருந்து இரண்டு பெயர்களில் கைக்கு வந்து இரட்டிப்பாக உள்ளே போவதும் நடக்கிறது. நான்கே நாளில் வலி பறந்துவிடும் என்று விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளங்கள். குளுக்கோசமைன் மாத்திரையை 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மூட்டுத் தேய்வுக்குத் துளை வழியே முழங்காலைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவையும் அப்படித்தான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 நோயாளிகளில் சிலருக்கு அந்த அறுவையும் சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையும் செய்து, இரண்டு ஆண்டு கவனித்த முடிவு 2002இல் வெளியானது. இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. முழு மூட்டு மாற்று அறுவை வேறு. பயிற்சி, எடை, மருந்து எல்லாம் பார்த்தும் நடையும் தூக்கமும் கெட்டுவிட்டவர்களுக்கு அது உண்மையில் வாழ்க்கையை மீட்டுத் தருகிறது. செயற்கை முழங்கால்களில் ஐந்தில் நான்கு 25 ஆண்டு தாங்குகின்றன. 2017இல் இந்திய அரசு அவற்றுக்கு விலை வரம்பு விதித்தபின் செலவும் ஓரளவு இறங்கியது. என்றாலும் ஐந்தில் ஒருவருக்கு அறுவைக்குப் பின்னும் வலி எஞ்சுகிறது. ஐம்பது வயதிலேயே மாற்றிக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் இரண்டாவது அறுவை தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். அதனால் பல மருத்துவர்கள் முடிந்தவரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். அறுவை செய்தாலும், மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்தித் தொடைத் தசைப் பயிற்சியைத்தான் தொடங்குகிறார்கள்.